ரெண்டு ரிங்

எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான். யார் எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் அம்மாவின் போனுக்கு ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணிவிட வேண்டும். அம்மா எடுக்க மாட்டாள். ரெண்டு ரிங் வந்து நின்றுவிட்டால் ஆள் பத்திரம். மூன்றாவது ரிங் வந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம், அப்போதுதான் எடுப்பாள். அதனால் சிவப்புப் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் நாங்கள் போன் செய்வோம். விரல் கொஞ்சம் சுணங்கினாலும் எங்கள் ஊர் குடிபாலாவில் ஒருத்திக்கு மூச்சு நின்றுவிடும்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன்னால் ரெண்டு ரிங், வேலை முடிந்து வாங்கியதும் ரெண்டு ரிங். கூட வேலை செய்கிறவர்கள், “இன்னாப்பா, மேலிடத்துக்கு ரிப்போர்ட் குட்த்துட்டியா?” என்று கேட்பார்களாம். “குட்த்தாச்சி, குட்த்தாச்சி” என்று சிரித்துக்கொண்டே நைனா உள்ளே போய்விடுவார். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மாவுக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்பதைவிட, எதற்குப் பயமில்லை என்று கேட்டால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று மூன்று தடவை பார்ப்பாள். பஸ்ஸில் ஏறினால் முதலில் டிரைவரின் கண்ணைப் பார்ப்பாள், ராத்திரி தூங்கியிருக்கிறானா என்று. நான் ஆறாவது படிக்கிறபோதுகூட மீனில் முள்ளெடுத்துத்தான் தட்டில் வைப்பாள். வெளியூர் கிளம்பினால் என் இடது கையின் உட்புறத்தில் நைனாவின் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுவாள். தெருமுனை தாண்டியதும் எச்சில் தொட்டு அதை அழிப்பதுதான் என் முதல் வேலை.

பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். வானத்தில் ஒரு கறுப்பு மேகம் தெரிந்தால் போதும், குடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒரே வாரத்தில் மூன்று நாள் வந்தாள். மூன்று நாளும் மழை வரவில்லை. எங்களுடையது தெலுங்கு மீடியம். பையன்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு, “பயம் ஆன்ட்டி வச்சிந்திரா!” என்று கத்துவார்கள். பயம் ஆன்ட்டி வந்துவிட்டாளாம். மொத்த வகுப்பும் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் என் குரலும் இருக்கும். நானும் சிரித்துவிட்டால் அவள் என் அம்மா இல்லை என்று ஆகிவிடும் என்பது போல.

அந்த வருடம் மாமாவின் குழந்தைக்குத் திருமலையில் முதல் மொட்டை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சித்தூரில் லாரி மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டால் சரியாக்கிவிடலாம் என்று நினைக்கிற ஆள். வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டது இல்லை. மாமா, மாமி, பத்து மாதக் குழந்தை, மாமியின் அக்கா மகள் ஒருத்தி, அம்மா, நான் என்று ஆறு பேர் போவதாக ஏற்பாடு. மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறி நடந்து போவதாக மாமி வேண்டிக்கொண்டிருந்தாள். நைனாவுக்கு மாங்காய் சீசன், லீவு கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் அம்மா வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். மாதவிலக்கு நாளில் மலை ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கம் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அம்மா வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். ஒரு நாள் முழுக்க யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

அம்மா தூங்கினாளா என்று தெரியாது. விடிவதற்கு முன் எழுப்பிப் பச்சைப் பாவாடையை மாட்டிவிட்டாள். கையில் நம்பர் எழுதினாள். முந்தின ராத்திரியே எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்கள். வாசலில் மாமாவை நிறுத்தி, எங்கெங்கே ரிங் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். சித்தூர் பஸ் ஸ்டாண்டு, திருப்பதி பஸ் ஸ்டாண்டு, அலிபிரி, பாதி மலையில் காலிகோபுரம், அப்புறம் மேலே. எங்கள் கூட்டத்தில் போன் மாமாவிடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் மாமாவை நம்பி அந்த வேலையைக் கொடுக்க அம்மா தயாராயில்லை.

“அவன் மறந்துடுவான். நீதான்மா குடுக்கணும். படிங்க பக்கம் சிறுத்தை வந்துச்சின்னு டிவியில காட்னாங்க. மறக்காதே, இன்னா?”

“சிறுத்தை உங்கம்மா பேரைக் கேட்டாலே ஓடிடும் பாப்பா” என்றார் மாமா. மாமியின் அக்கா மகள் பக்கென்று சிரித்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை அம்பத்தூர்க்காரி. என்னைவிட இரண்டு வயது பெரியவள், பதின்மூன்று. ஜீன்ஸ் போட்டிருந்தாள், நகத்தில் நீலச் சாயம் பூசியிருந்தாள். தனியாக ரயிலில் வந்திறங்கியதாகச் சொன்னாள். அவளுடைய அம்மா ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லையாம். இப்படி ஒரு அம்மாவா என்று நான் வாயைப் பிளந்தேன். அன்று முழுக்க அவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் இல்லை.

சித்தூரில் ரெண்டு ரிங் கொடுத்தேன். திருப்பதியிலும் கொடுத்தேன். “என்ன பண்றே?” என்று அவள் கேட்டாள். சொன்னேன். “எங்க அம்மாவும்தான் இருக்காங்க, இப்படியா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். எனக்கு மானம் கப்பலேறிவிட்டது.

அலிபிரியில் நடந்து போகிறவர்களின் பைகளை வாங்கிக்கொண்டு வண்டியில் மேலே அனுப்பிவிடுவார்கள். நாம் வெறும் கையோடு ஏறிப் போய் அங்கே வாங்கிக்கொள்ளலாம். செருப்பை மட்டும் மாமா அடிவாரத்தில் ஒரு பூக்கடையில், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லி விட்டுவைத்தார். அப்புறம் பையைக் கொடுக்க வரிசையில் நின்றோம். நான் மாமாவின் போனை எடுத்து நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது.

“இரு பாப்பா. உங்கம்மாவுக்கு ஒரு சர்வீஸ் பண்ணிடலாம். இது பயம் இல்ல, பழக்கம். இன்னிக்கி முழுக்க ரிங்கே வரலன்னு வெச்சிக்கோ. நாம சாயந்திரம் முழுசாப் போய் முன்னாடி நிக்கிறோம். ஆஹா, ரிங் வரலன்னா ஒண்ணும் ஆவறதில்லன்னு அக்காவுக்கே தெரிஞ்சிடும். அத்தோட ரிப்பேர் முடிஞ்சிது.”

“அண்ணி பாவம்ங்க” என்று மாமி சொன்னாள். குழந்தை அழுதது. மாமி அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

யோசனை மாமாவுடையது. ஆனால் போனை அணைத்தது நான். அணைத்து, ஒரு துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, ஜிப்பை இழுத்தேன். நீலச் சாயம் பூசிய விரலால் அம்பத்தூர்க்காரி எனக்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினாள். அந்த ஒரு விரலுக்காக நான் அன்றைக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். கையில் இருந்த நம்பரும் அதற்குள் பாதி அழிந்துவிட்டது.

படியேறியது நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிற பெண்களைத் தாண்டிப் போனோம். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று தின்றோம். வேலிக்கு அந்தப்புறம் மான்கள் நின்றன. காலிகோபுரத்துக்கு வந்ததும் மட்டும் நின்றுவிட்டேன். இங்கே ஒரு ரிங் கொடுக்க வேண்டும் என்று காலையில் போனைச் செருகி வைத்திருந்த பாவாடை இடுப்புக்குக் கை தானாகப் போனது. போன்தான் வண்டியில் போய்விட்டதே, இனி நம் கையில் என்ன இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்த சௌகரியம் மேலே போகிற வரைக்கும்தான்.

மேலே பை வந்திருந்தது. குழந்தைக்கு மொட்டை போட்டார்கள். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்குத் தரிசனத்துக்குத் தனி வரிசை உண்டு. மாமாவும் மாமியும் குழந்தையோடு போனார்கள். பையைப் பார்த்துக்கொண்டு நானும் அவளும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் பை என் மடியில் இருந்தது. போன் பையில் இருந்தது. ஒரு தடவை ஜிப்பைத் திறந்து துண்டைத் தொட்டும் பார்த்தேன்.

“ஏய், மாமா என்ன சொன்னாரு? பாதியில விட்டா சர்வீஸ் எப்படி ஆகும்?” என்றாள் அவள்.

“சும்மா பாத்தேன்” என்று மூடிவிட்டேன்.

இந்த இடத்தைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. மாமா பக்கத்தில் இல்லை. யாரும் என் கையைக் கட்டிப்போடவில்லை. ஒரு பொத்தானை அமுக்கி, ரெண்டு ரிங் விட்டு, திரும்ப அணைத்து வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. பாத்ரூம் போகிறேன் என்று பையோடு எழுந்திருந்தால் அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பதினோரு வயதுக் கழுதைக்கு இது தோன்றாமல் இல்லை. தோன்றியது. செய்யவில்லை.

அங்கே குடிபாலாவில் என்ன நடந்தது என்பதை நான் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். அலிபிரி ரிங் வர வேண்டிய நேரத்துக்கு அரைமணி பொறுத்திருக்கிறாள் அம்மா. அப்புறம் மாமா நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். ‘ஸ்விச் ஆஃப்’ என்று தெலுங்கில் ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். பத்து மணிவரை அந்தப் பெண்ணின் குரலையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நைனாவின் போன் ஃபேக்டரி கேட்டில். எதிர்வீட்டில் சொன்னதற்கு, “சார்ஜ் போயிருக்கும், போய் வேலையப் பாரு” என்றிருக்கிறார்கள். சித்தூருக்கு அந்தப்புறம் தனியாக ஒரு நாளும் போகாதவள், கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த டிரைவரின் கண்ணை அன்றைக்குப் பார்த்திருக்க மாட்டாள்.

நாங்கள் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கினோம். செருப்பு எடுக்க வேண்டும் என்பதால் திருப்பதிவரை போகாமல் அலிபிரியிலேயே இறங்கினோம். வெயில் தாழ்ந்துவிட்டது. பூக்கடைக்காரம்மா எங்கள் செருப்பை எடுத்துக்கொண்டே, தமிழும் தெலுங்குமாக, ரோட்டுக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள். பாவம், ஒரு அம்மா மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. மலைக்குப் போன பொண்ணைக் காணோமாம். வர்றவங்க போறவங்க எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மேலே போய்த் தேடு என்றால் நான் படி மிதிக்கக் கூடாது என்கிறது. வாயில் பச்சைத் தண்ணி ஊற்றவில்லை.

மாமா செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

அம்மாதான். அடுப்படியில் கட்டுகிற பழைய சேலை. முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஒரு காலில் அவளுடைய செருப்பு, இன்னொரு காலில் நைனாவின் பெரிய ரப்பர் செருப்பு. படிகள் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கும்பிடுகிறவர்கள் மேல் பட்டுவிடக் கூடாது என்று ரோட்டு ஓரமாக விலகி நின்றாள். அங்கிருந்தபடியே இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் கையை நீட்டினாள். கையில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஸ்கூல் அப்ளிகேஷனுக்கு எடுத்ததில் மீந்த ஒன்று. “பாப்பா... பச்ச பாவாட... சூசாரா?” என்று, பார்த்தீர்களா என்பதை அவளுக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டாள். மொட்டை அடித்த நாலு இளைஞர்கள் போட்டோவைப் பார்த்து, தலையை ஆட்டி, நகர்ந்ததும் தங்களுக்குள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். ஜன்னலில் தொற்றிக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு.

எனக்கு ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது என்று எழுத ஆசைதான். அது பொய். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. அம்பத்தூர்க்காரி பார்க்கிறாள்.

அதற்குள் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். வண்டிகளைப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து வந்தாள். ரோட்டைக் கடக்க என் கையை நோகும்படி இறுக்குகிறவள், இரண்டு பக்கமும் பார்க்காமல் வந்தாள். அம்பத்தூர்க்காரிக்கு அந்தக் கோலத்தில் அவளை அடையாளம் தெரியவில்லை. என் தோளை இடித்தாள்.

“ஏய், யாரு அது? பைத்தியமா? உன்னையே பாத்துக்கிட்டு வருது.”

“தெரியல” என்றேன்.

அம்மா எனக்கு நாலடி தூரத்தில் இருந்தாள். என் பேரைச் சொல்ல வாயைத் திறந்தவள் திறந்தபடி நின்றாள். அதே நேரம் மலையிலிருந்து இறங்கிய ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அம்மா காதில் விழுந்திருக்காது. இதை நான் எனக்கே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஹாரனைப் பிடித்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன்.

அம்மா என்னைத் தொடவில்லை. என்னைத் தாண்டி மாமாவிடம் போனாள். “வந்துட்டீங்களாப்பா?” என்றாள். குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவினாள். “சந்தனம் நல்லா தடவிக் கீறாங்க” என்றாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, “துன்னியாம்மா?” என்று கேட்டாள். அம்பத்தூர்க்காரியின் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் பெரிய பெண், அவளுக்குப் புரிந்திருக்கிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தாள். அழிந்துபோன நம்பரின் மேல் அவள் பெருவிரல் இருந்தது. மாமா முன் சீட்டிலிருந்து திரும்பினார். அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தினால் அவர் இன்னும் கொஞ்சம் பேசுவார்.

“பாத்தியாக்கா, ரிங் வரலன்னாலும் ஒண்ணும் ஆவல இல்ல?”

“ஆமாம்பா. ஒண்ணும் ஆவல” என்றாள் அம்மா.

இன்றைக்கு இதற்கெல்லாம் பேர் இருக்கிறது, மருந்து இருக்கிறது. அம்மாவைச் சித்தூரில் ஒரு டாக்டரிடம் நானே அழைத்துப் போகிறேன். அந்த டாக்டரம்மா முதல் நாளே என்னிடம் சொன்னார்: ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள், அவர்களுக்கே அது தெரியும். என்ன பயமாயிருக்கிறது என்று கேட்டு, சொல்லி முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் உட்காருங்கள் என்றார். நைனா இதை எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. அம்மா கேஸைப் பார்க்க எழுந்தால் அவரும் கூட எழுந்து போவார். இரண்டு பேருமாகப் பார்த்துவிட்டு வருவார்கள். அவர் கூடப் போகிற அன்றைக்கு ஒரு தடவையோடு சரி, மூன்று தடவை கிடையாது. இதை நான் அப்போது கவனித்ததே இல்லை.

மலையிலிருந்து வந்த அன்று ராத்திரியே நைனாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் எங்கள் மாட்டுப் பாலை ஊற்றுவதற்காகக் கேனை எடுத்துக்கொண்டு தெருமுனையிலுள்ள பால் சென்டருக்குப் போனார். எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. வாசலில் நின்று பார்த்தால் தெரியும். அவர் போன இரண்டாவது நிமிஷம் அம்மாவின் போன் அடித்தது. ரெண்டு ரிங். நின்றுவிட்டது. அடுப்பு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்த அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

“ஐயய்ய, தெருமுனைக்குப் போனதுக்கா ரிங்கு?” என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

 அன்றிலிருந்து என்னிடம் அம்மா ரிங் கேட்கவே இல்லை. கையில் நம்பர் எழுதவில்லை. குடை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரவில்லை. “எப்படி நம்ம சர்வீஸ்?” என்று மாமா மார்தட்டிக்கொண்டார். நானும் நம்பினேன். அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், பிறகு திருப்பதியில் காலேஜ் ஹாஸ்டலிலும் சொன்னேன். செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்த இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கதையில் ‘தெரியல’ என்ற இடம் மட்டும் வராது.

காலேஜில் எதிர்வீட்டுப் பெண்ணும் என்னோடு படித்தாள். ஒரே ஹாஸ்டல். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குடிபாலாவிலிருந்து ஒன்றாகத் திரும்புவோம். மூன்றாவது வருஷத்தில் ஒரு நாள், பஸ் திருப்பதி ஸ்டாண்டுக்குள் நுழைகிறபோது அவள் போனை எடுத்து நம்பர் தட்டுவதைப் பார்த்தேன். என் அம்மாவின் நம்பர். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கம்மாவுக்கு எதுக்குடி போன் பண்றே?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

“போன் இல்ல, ரெண்டு ரிங். காலேஜ் சேந்ததுலர்ந்து நான்தான் குடுத்துக்கினு கீறேன். நீ லேப் முடிஞ்சி ஹாஸ்டலுக்கு வந்தா ஒரு தடவ, ஊர்லர்ந்து திரும்பி வந்தா ஒரு தடவ. உங்கம்மாதான் கேட்டாங்க. ‘அவகிட்ட சொல்லிடாதம்மா. அலிபிரியில என்னால அவளுக்கு ரொம்ப வெக்கமாப் போச்சி. இன்னொரு தபா அப்படி ஆவக் கூடாது’ன்னாங்க.”

அப்படியென்றால் அந்த ஹாரன் எதையும் மறைக்கவில்லை. நாலடி தூரத்தில் நின்று, முழுசாகக் கேட்டுவிட்டு, என்னைத் தாண்டிப் போய்க் குழந்தையின் தலையைத் தடவியிருக்கிறாள். தன்னைத் தெரியாதவள் போல நடக்க எனக்கு அவகாசம் கொடுத்திருக்கிறாள். பயம் போகவில்லை. எட்டு வருஷமாக அதை என் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த பஸ்ஸிலேயே எங்காவது மூஞ்சியை மறைத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

“நீ குடுக்காதே. இன்னிக்கி நான் குடுக்கறேன்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பைகளோடு முன்னால் இறங்கினாள்.

நான் ஸ்டாண்டில் ஒரு தூண் பக்கம் நின்று ரெண்டு ரிங் விட்டேன். சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கூட முடிக்கவில்லை, அம்மா திருப்பிக் கூப்பிட்டுவிட்டாள். 

“இன்னாம்மா? இன்னா ஆச்சி? எங்க கீற?”

என் ரிங் அவளுக்குப் பழக்கமில்லை. பத்திரம் என்று சொல்ல அடித்த ரிங்கில் அவளை நடுங்க வைத்துவிட்டேன். அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

“ஒண்ணும் இல்லம்மா. வந்து சேந்துட்டேன். அதைச் சொல்லத்தான்.”

 அம்மாவின் மூச்சு இறங்குவது போனில் கேட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா பக்கம் ‘பீப்’ என்று சத்தம் கேட்டது, நடுவில் இன்னொரு போன் வருகிற சத்தம். இன்னொரு ‘பீப்’. நின்றுவிட்டது. பத்தடி முன்னால் எதிர்வீட்டுப் பெண் எனக்கு முதுகைக் காட்டி நின்று, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கொடுப்பேன் என்று அவள் நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

“யாரும்மா லைன்ல?” என்று கேட்டேன்.

“தெரியல” என்றாள் அம்மா. “ராங் நம்பரா இருக்கும்மா. நீ பேசு.”

அலிபிரியில் நான் சொன்ன அதே சொல். அதை இன்னொருவர் வெட்கப்படாமல் இருப்பதற்காகவும் சொல்லலாம் என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.